கொக்கு பறப்பதற்கு முன்: சென்னையில் பறவைகளையும் விளையாட்டையும் படம்பிடிக்கப் பழகுவோருக்கு ஒரு வழிகாட்டி

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில், தண்ணீர் கணுக்கால் அளவே நிற்கும் இடத்தில், பெரும்பாலும் மடையான் என்னும் குளக்கொக்கு ஒன்று நின்றுகொண்டிருக்கும். சேற்று நிற முதுகை வளைத்து, கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு, கல்லைப் போல அசையாமல் இருக்கும். கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கிவிட்டுப் பத்து நிமிடம் அதையே பாருங்கள். முதலில் ஒரு கால் மெல்ல முன்னால் வரும். உடலின் எடை அந்தக் காலுக்கு மாறும். பிறகு கழுத்து ஒரு விரற்கடை நீளும். தலை இலேசாக ஆடி, சட்டென்று நின்றுவிடும். அப்படி நின்றதற்கும் அலகு தண்ணீரைத் துளைப்பதற்கும் இடையே உள்ள இமைப்பொழுதுதான் படம் எடுப்பவருக்குக் கிடைக்கும் அவகாசம். அலகு இறங்குவதைக் கண்ட பிறகு ஷட்டர் பட்டனை அழுத்துகிறவருக்கு நீர்த்திவலை மட்டுமே கிடைக்கும். தலையாட்டம் நின்றவுடன் அழுத்துகிறவருக்குக் கொத்தும் கணம் கிடைக்கும்.

இயற்கைப் படங்களுக்கும் விளையாட்டுப் படங்களுக்கும் பொதுவான திறமை இதுவே. அடுத்து என்ன நடக்கும் என்பதை உடலசைவிலிருந்து படித்தறிய வேண்டும்; கேமராவின் அமைப்புகள் யாவும் அந்தக் கணத்துக்காக முன்கூட்டியே செய்துவைக்கும் ஆயத்தங்கள்தான். எழுத்தாளர் அ. மாதவையாவின் மகனும், சென்னையில் வாழ்ந்து தமிழிலும் ஆங்கிலத்திலும் இயற்கையைப் பற்றி எழுதியவருமான மா. கிருஷ்ணன் (1912–1996) கறுப்பு வெள்ளையில் எடுத்த யானைப் படங்களைப் பாருங்கள். இன்றைய கேமராக்களின் வேகம் எதுவும் இல்லாத காலத்தில் அவை கிடைத்தன என்றால், அவர் முதலில் இயற்கையை அறிந்தவராகவும் பிறகே படம் எடுப்பவராகவும் இருந்ததுதான் காரணம் என்று நான் நம்புகிறேன்.

கருவியைப் பற்றிச் சுருக்கமாக

லென்ஸை மாற்றக்கூடிய எந்தக் கேமராவும், 55–250 அல்லது 70–300 மில்லிமீட்டர் டெலி லென்ஸ் ஒன்றும் முதல் ஆண்டுக்குப் போதும். 150–600 போன்ற பெரிய லென்ஸை வாங்குவதற்கு முன் ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 2 கிலோ எடையை அரை மணி நேரம் கையில் ஏந்திப் பார்த்தால், உங்களுக்குத் தேவை லென்ஸா, மோனோபாடா (ஒற்றைக்கால் தாங்கியா), இன்னும் சில மாதப் பயிற்சியா என்பது தானாகத் தெரிந்துவிடும். மொபைலில் மட்டுமே எடுப்பவர்களும் பின்வருபவற்றில் பாதிக்கு மேல் பயன்படுத்திக்கொள்ளலாம். வெயிலும் காற்றும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

முதற்படி: வேகத்தைத் தீர்மானித்தல்

கேமராவை ஆட்டோவிலிருந்து எடுத்து, ஷட்டர் வேகத்தை நீங்களே வைக்கும் நிலைக்கு மாற்றுங்கள். எவ்வளவு வேகம் வேண்டும் என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து ஒரு விநாடியில் 25 மீட்டர் கடக்கிறது. 1/500 விநாடியில் அது 5 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவதால், படத்தில் உருண்டையாக இல்லாமல் நீண்ட தீற்றலாகத் தெரியும். 1/2000-இல் ஒன்றேகால் சென்டிமீட்டர் மட்டுமே நகர்வதால் பந்து பந்தாகவே இருக்கும். ஓடும் மனிதருக்கு 1/1000, நிதானமாகப் பறக்கும் கூழைக்கடாவுக்கும் நாரைக்கும் 1/1250, திடீர் திடீரெனத் திரும்பும் ஆலாவுக்கும் மீன்கொத்திக்கும் 1/2500 என்று தொடங்குங்கள். அசையாமல் நிற்கும் பறவைக்குக்கூட உங்கள் கை நடுக்கத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். 300 மில்லிமீட்டர் லென்ஸைச் சிறிய சென்சார் கேமராவில் பொருத்தினால் அது 450 போலச் செயல்படும் என்பதால், அந்த எண்ணை ஒட்டிய 1/500-க்குக் கீழே இறங்காதீர்கள்.

அப்பர்ச்சரை (லென்ஸுக்குள் வெளிச்சம் புகும் துளையை) உங்கள் லென்ஸ் தரும் மிக அகலமான எண்ணிலோ, அதற்கு ஒரு படி உள்ளேயோ வைத்துவிட்டு, ஐஎஸ்ஓவை (வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறனை) ஆட்டோவில் விடுங்கள். புதியவர்கள் பலர் ஐஎஸ்ஓ ஏறினால் படத்தில் பொரி (புள்ளி புள்ளியான கறை) விழும் என்று அஞ்சி ஷட்டர் வேகத்தைக் குறைத்துவிடுகிறார்கள். பொரியைக் கணினியில் பெருமளவு குறைத்துவிடலாம்; கலங்கிய படத்தைத் தெளிவாக்க எந்த மென்பொருளாலும் சரிவர முடியாது.

இரண்டாம் படி: ஃபோகஸ் விட்டுப்போகாமல் காத்தல்

அசையும் பொருளைத் தொடர்ந்து பின்பற்றும் ஃபோகஸ் முறைக்கு நிக்கான், சோனி கேமராக்களில் ஏஎஃப்-சி என்றும், கேனானில் சர்வோ என்றும் பெயர். இதை வைத்துக்கொண்டு, ஃபோகஸ் புள்ளிகள் அனைத்தையும் திறந்துவிடாமல், நடுவில் ஒரு சிறிய தொகுதியை மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள். புதிய கேமராக்கள் பறவையின் கண்ணைத் தாமாகவே கண்டுபிடிக்கின்றன. ஆனால் பள்ளிக்கரணையில் பறவைக்கு முன்னால் சம்பும் கோரையும் ஆடிக்கொண்டிருந்தால் அவையும் ஏமாந்து புல்லைப் பிடித்துக்கொள்ளும். அப்போது சிறிய புள்ளியே கைகொடுக்கும்.

ஃபோகஸ் செய்யும் வேலையை ஷட்டர் பட்டனிலிருந்து பிரித்து, கட்டைவிரல் படும் பின்புறப் பட்டனுக்கு மாற்றிவிடுவதும் நல்லது. முதல் இரண்டு நாட்கள் கை தடுமாறும். பிறகு, மடையான் அசையாமல் நிற்கும்போது கட்டைவிரலை எடுத்துவிட்டு ஆள்காட்டி விரலை மட்டும் தயாராக வைத்துக் காத்திருப்பது எவ்வளவு வசதி என்பது புரியும்.

மூன்றாம் படி: சதுப்பு நிலத்துக்குப் போவதற்கு முன் தெருவில் பழகுதல்

முதல் பயிற்சிக்குப் பேருந்து நிறுத்தம் போதும். நேரான சாலை ஒன்றில், நடைபாதையின் உட்புறமாக, வண்டிகள் பக்கவாட்டில் கடந்து செல்லும்படி நில்லுங்கள். ஷட்டர் வேகத்தை 1/60-க்கு இறக்குங்கள். பேருந்து எந்த இடத்தில் உங்களுக்கு நேர் எதிரே வருமோ அந்தத் திசை நோக்கிப் பாதங்களை ஊன்றிக்கொண்டு, இடுப்புக்கு மேல் மட்டும் பேருந்து வரும் பக்கமாகத் திரும்புங்கள். அது நெருங்க நெருங்க இடுப்பை அவிழ்ப்பது போலச் சீராகத் திருப்பிக்கொண்டே வந்து, நேர் எதிரே வரும்போது அழுத்தி, அழுத்திய பிறகும் திருப்புவதை நிறுத்தாமல் தொடருங்கள். பேருந்தின் எண் பலகை தெளிவாகவும் பின்னாலுள்ள கடைகள் கோடுகளாகவும் வந்தால் பேனிங், அதாவது நகரும் பொருளோடு கேமராவையும் திருப்பி எடுப்பது, கைகூடிவிட்டது என்று பொருள். முதல் நாளில் 50 படங்களில் இரண்டு தேறினாலே நிறைவடையலாம். இந்த இடுப்பு அசைவுதான் நாளை பறக்கும் நாரையைப் பின்தொடரப் போகிறது. ஆகையால் இந்தப் பயிற்சியைத் தாண்டிச் செல்ல வேண்டாம்.

இரண்டாவது பயிற்சிக்கு ஒரு தட்டானோ பச்சைப் பஞ்சுருட்டானோ வேண்டும். குச்சி நுனியில் அமரும் தட்டான், விரட்டினாலும் பறந்தாலும், பெரும்பாலும் அதே குச்சிக்கே திரும்பி வந்து அமரும். மின்கம்பியில் அமரும் பஞ்சுருட்டானும் காற்றில் பூச்சியைப் பிடித்துக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே திரும்பி, பூச்சியைக் கம்பியில் அடித்துவிட்டுத்தான் விழுங்கும். அந்த நுனியில் ஃபோகஸைப் பூட்டிவிட்டு, அது திரும்பும் வழியில் சிறிது இடம் விட்டுக் காத்திருந்தால், இறகு விரித்து இறங்கும் படம் சாதாரண லென்ஸிலேயே கிடைக்கும். வேளச்சேரி, மேடவாக்கம் பக்கத்துக் காலி மனைகளில் இதைச் செய்து பழகலாம்.

பறக்கும் பறவை வியூஃபைண்டருக்குள் (கண்ணை வைத்துப் பார்க்கும் கேமரா ஜன்னலுக்குள்) அகப்படுவதே இல்லை என்பது எல்லோரும் சொல்லும் குறை. பறவையைப் பார்த்துவிட்டுக் குனிந்து கேமராவைத் தேடுவதால்தான் அது நேர்கிறது. கண்ணைப் பறவையிலிருந்து எடுக்காமல் கேமராவைக் கண்ணுக்கு உயர்த்துங்கள். ஜூமை முதலில் 70-இல் வைத்துப் பறவையைக் கண்டுபிடித்து, பிறகு நெருங்குங்கள். வீட்டு மொட்டை மாடியில் காகங்களை வைத்து ஒரு வாரம் இதைப் பழகினால் கை தானாக ஏறும்.

நான்காம் படி: வெயிலையும் காற்றையும் சேர்த்துப் படித்தல்

இந்தப் படியில் நீங்கள் அதிக நாட்களைச் செலவிட வேண்டும் என்று விரும்புகிறேன். நிற்கும் இடம் தவறினால் மற்ற எல்லாத் திறமையும் வீணாகிவிடும்.

பறவைகள் விமானங்களைப் போலவே எதிர்காற்றில் எழுந்து, எதிர்காற்றில் இறங்குகின்றன. ஆகவே காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசினால், இறங்கும் பறவை உங்களை நோக்கி வரும். சூரியனும் முதுகுப் பக்கம் இருந்தால் அதன் முகத்தில் வெளிச்சம் விழும், கண்ணில் ஒளிப்புள்ளி தெரியும். இரண்டும் ஒரே பக்கம் இருப்பது எல்லா ஊர்களிலும் நல்வாய்ப்பு. சென்னையிலோ அது அரிது. காலையில் சூரியன் கிழக்கே இருக்க, தரைக்காற்று மேற்கிலிருந்து வீசும். பிற்பகலில் சூரியன் மேற்கே சாய, கடற்காற்று கிழக்கிலிருந்து வரும். வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு நின்றால் பறவைகள் வாலைக் காட்டியபடி எழும்பிச் செல்வதைத்தான் பார்ப்பீர்கள். இதனால் மனம் தளர்ந்த மாணவர்கள் உண்டு; தவறு அவர்கள் கையில் இல்லை.

இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. முதல் வழி, வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களைப் பயன்படுத்துவது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை காற்று வடகிழக்கிலிருந்து வரும் காலைப் பொழுதுகளில், சூரியன் தென்கிழக்கில் எழுவதால், கிழக்குக்கு முதுகு காட்டி நின்றால் காற்றும் வெளிச்சமும் ஏறத்தாழ ஒரே பக்கத்திலிருந்து வந்து சேரும். வலசை வரும் பறவைகளும் அதே மாதங்களில்தான் இங்கே இருக்கின்றன. மேகம் மூடிய நாளானாலும் திரும்பிவிடாதீர்கள். மென்மையான அந்த வெளிச்சத்தில் வெள்ளை இறகின் ஒவ்வொரு இழையும் தெரியும். இரண்டாவது வழி, காற்றுக்குக் குறுக்காக நின்று, பறவையைப் பக்கவாட்டில் எடுப்பது. அதற்குத்தான் பேருந்தை வைத்துப் பேனிங் பழகினோம்.

பள்ளிக்கரணையையே எடுத்துக்கொள்வோம். 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்ட இந்தச் சதுப்பு நிலத்தின் மேற்கு ஓரமாக வேளச்சேரி–தாம்பரம் சாலை செல்கிறது. அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் காலை வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். எனவே அங்கே மாலையில் செல்லுங்கள். துரைப்பாக்கம்–பல்லாவரம் ரேடியல் சாலை சதுப்பு நிலத்தை ஊடறுத்துச் செல்வதால் இரு பக்கமும் பறவைகள் தெரியும். ஆனால் வண்டிகள் விரையும் அந்தச் சாலையோரத்தில் கேமராவில் கண் புதைத்து நிற்பது உயிருக்கு ஆபத்து. ஒருவர் படம் எடுக்கும்போது மற்றவர் சாலையைப் பார்க்கும்படி இருவராகச் செல்லுங்கள், அல்லது அங்குள்ள சூழல் பூங்காவின் நடைபாதையைப் பயன்படுத்துங்கள். நீலத்தாழைக்கோழி, நெடுங்கால் உள்ளான், முக்குளிப்பான், மீசை ஆலா, கூழைக்கடா ஆகியவற்றைப் பழகுவதற்கு இது அருகிலுள்ள, ஏற்ற இடம். வேடந்தாங்கலுக்கும் பழவேற்காட்டுக்கும் செல்லும் ஆசை எல்லோருக்கும் வரும். ஒரே நீர்நிலைக்குப் பத்து முறை சென்ற பிறகு அங்கே போவதே மேல் என்பது என் கருத்து.

நேரத்தையும் கவனியுங்கள். சென்னையில் ஜனவரியில் சூரியன் 6.30 மணியை ஒட்டியும், ஜூனில் 5.45-ஐ ஒட்டியும் உதிக்கிறது. அதற்குப் பிறகு இரண்டு மணி நேரமே நல்ல வெளிச்சம். ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகலில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலேயே நிற்பதால், பறவையின் வயிறும் ஆட்டக்காரரின் கண்களும் கரிய நிழலில் மூழ்கிவிடும். வெயில் ஏறிய பிறகு நீர்ப்பரப்பின் மேல் கானல் ஆடத் தொடங்கும். நூறு மீட்டருக்கு அப்பாலுள்ள பூநாரையின் கால்கள் நெளிந்து, எத்தனை முறை எடுத்தாலும் படம் மங்கலாகவே வருகிறது என்றால், லென்ஸைக் குறை சொல்லாமல் கேமராவைப் பையில் வைத்துவிட்டுப் பறவையைப் பாருங்கள்.

பறப்பதற்கு முன் பறவை காட்டும் அடையாளங்கள் சில உண்டு. காற்று வரும் திசைக்குத் திரும்பும். உடலைத் தாழ்த்தி, கழுத்தை நீட்டும். பல நேரங்களில் எச்சமிடும். எச்சமிட்டதைக் கண்டதும் ஷட்டர் பட்டனில் விரலை வையுங்கள்.

ஐந்தாம் படி: வெள்ளைக் கொக்கும் கறுப்புக் காகமும்

கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் தான் பார்க்கும் காட்சி முழுவதும் சராசரியாகச் சாம்பல் நிறம் என்றே எண்ணுகிறது. கரிய நீரின் முன் ஒரு வெண்கொக்கு நின்றால், அது நீரை வெளிச்சமாக்க முயன்று, கொக்கைச் சுண்ணாம்பு பூசியது போல் வெளுக்கச் செய்துவிடும், இறகே தெரியாது. அங்கே எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவை) ஒரு படி குறையுங்கள். வெளுத்த வானத்தின் முன் பறக்கும் காகத்துக்கோ பருந்துக்கோ ஒரு படி முதல் ஒன்றரைப் படி வரை கூட்டுங்கள்.

கொக்கு நீரிலிருந்து எழுந்து, மரங்களைக் கடந்து, வானத்துக்குச் செல்லும்போது பின்னணி மூன்று முறை மாறுகிறது. ஆனால் கொக்கின் மேல் விழும் வெயில் மாறுவதில்லை. ஆகையால் வெயில் சீராக இருக்கும் காலையில் எல்லாவற்றையும் நீங்களே வைக்கும் மேனுவலுக்கு மாறி, 1/2000, அப்பர்ச்சர் எஃப் 6.3, ஐஎஸ்ஓ 400 என்று வைத்து ஒரு வெண்கொக்கை எடுத்துப் பாருங்கள். ஹிஸ்டோகிராமின் (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடத்தின்) வலது முனை சுவரில் முட்டாமல் நின்றால் அப்படியே வைத்துக்கொள்ளலாம். முட்டினால் ஐஎஸ்ஓவைக் குறையுங்கள். மேகம் வந்தால் மறுபடி பாருங்கள். படங்களை, கேமரா பதிந்ததை மாற்றாமல் வைக்கும் ரா வடிவில் பதிந்தால் சிறு தவறுகளைத் திருத்த இடமிருக்கும் என்பது உண்மை. வெளுத்துப்போன இறகை மட்டும் அதிலும் மீட்க முடியாது.

ஆறாம் படி: ஆட்டக்காரரின் உடலைப் படித்தல்

கடற்கரைக் கிரிக்கெட்டில் தொடங்குங்கள். மெரினாவில் காலைச் சூரியன் கடலின் மேல் இருப்பதால், கடலுக்கு முதுகு காட்டி மணலில் உட்கார்ந்தால் ஆட்டக்காரர்களின் முகத்தில் வெளிச்சம் விழும். நின்றுகொண்டு எடுத்தால் பின்னால் நிற்கும் வண்டிகளும் கடைகளும் சட்டகத்தை நிறைத்துவிடும். தாழ உட்கார்ந்தால் குதிப்பவரின் பின்னால் வானம் மட்டும் இருக்கும். குதிப்பின் உச்சியில் உடல் ஒரு கணம் மேலும் போகாமல் கீழும் வராமல் நிற்கும். அந்தக் கணத்தைப் பிடிப்பவருக்கு 1/500 கூடப் போதும். எடுப்பதற்கு முன் ஆடுபவர்களிடம், சிறுவர்களானால் அவர்களுடைய பெரியவர்களிடமும், கேட்டுக்கொள்ளுங்கள்.

கோவளத்தில் அலைச்சறுக்கு பெரும்பாலும் காலையில்தான் நடக்கிறது, தரைக்காற்றில் அலையின் முகம் வழுவழுப்பாக நிற்பதால். அப்போது சூரியன் எதிரே இருக்கும். அதை எதிர்த்துப் போராடாமல், எக்ஸ்போஷரைக் குறைத்து, பொன்னிறக் கடலில் கரிய உருவமாக எடுத்துப் பழகுங்கள். கால்கள், பலகை, அலை மூன்றும் ஒன்றையொன்று மறைக்காமல் தனித்தனியாகத் தெரியும் கணத்துக்குக் காத்திருக்க வேண்டும்.

கபடிக்கு உட்காரும் இடமே எல்லாம். பாடிச் செல்பவர் எதிர் அணியை நோக்கிப் போகும்போது முதுகையும், பிடியிலிருந்து விடுபட்டு நடுக்கோட்டை நோக்கிப் பாயும்போது முகத்தையும் காட்டுகிறார். ஆகவே பாடுபவரின் சொந்தப் பக்கத்துக் கடைசிக் கோட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தால், நீட்டிய கையும் பற்களைக் கடித்த முகமும் காலைப் பிடித்துத் தொங்கும் இருவரும் ஒரே சட்டகத்தில் வருவார்கள். உள்ளரங்கில் 1/800, எஃப் 2.8, ஐஎஸ்ஓ 6400 என்ற அளவுக்குப் போக நேரும். நம் மின்சாரத்தில் பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை மினுங்குவதால் அடுத்தடுத்த படங்கள் வெளிச்சம் மாறி வரும். கேமராவில் மினுக்கத்தைத் தவிர்க்கும் அமைப்பு இருந்தால் இயக்கிக்கொள்ளுங்கள்.

பர்ஸ்ட், அதாவது தொடர்ச்சியாகப் பல படங்கள் எடுப்பது பற்றி ஒரு சொல். விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தால் கேமராவின் நினைவகம் நிறைந்து, முக்கியமான கணத்தில் நின்றுவிடும். நான்கைந்து படங்களாக, கணத்தின் சற்று முன்னால் தொடங்கி எடுங்கள்.

உயிர்களுக்குத் தர வேண்டிய மரியாதை

கூட்டின் அருகே செல்ல வேண்டாம். நெடுங்கால் உள்ளானும் ஆள்காட்டியும் தரையில் முட்டையிடுபவை. அவை தலைக்கு மேல் கத்திச் சுற்றினால் நீங்கள் தவறான இடத்தில் நிற்கிறீர்கள், வந்த வழியே திரும்புங்கள். பறக்கும் படத்துக்காகக் கல்லெறிவதும் கைதட்டுவதும் வேண்டவே வேண்டாம். வலசை வந்த பறவை சேர்த்துவைத்த கொழுப்பை நம் படத்துக்காக எரிக்கிறது. ஜனவரி முதல் சில மாதங்கள் பெசன்ட் நகர், நீலாங்கரைக் கடற்கரைகளில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. ஃப்ளாஷும் டார்ச்சும் அங்கே கூடாது. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடல் என்று எண்ணி ஊர்ப்பக்கம் ஊர்ந்துவிடும். நன்மங்கலம் போன்ற காப்புக்காடுகளுக்கு வனத்துறையின் அனுமதியுடன் மட்டுமே செல்லுங்கள். பறவைகளின் பெயரும் பழக்கமும் அறிந்தவர்களுடன் நடக்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். அத்தகைய ஒரு நடை பல மாதத் தனிப் பயிற்சிக்கு ஈடாகும்.

வீடு திரும்பியதும்

படித்துக்கொண்டிருந்த காலத்தில், பழைய டெலி லென்ஸ் ஒன்றை அதன் தோல் உறையிலேயே போட்டுப் பீரோவில் வைத்திருந்தேன். மழைக்காலம் முடிந்து எடுத்துப் பார்த்தபோது, உள்கண்ணாடியில் சிலந்தி வலையைப் போல வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருந்தது. அதைத் துடைத்துச் சரிசெய்ய ஆன செலவு, லென்ஸ் வாங்கிய விலையில் பாதி. சென்னையின் ஈரக்காற்றில் இது எந்த லென்ஸுக்கும் நேரும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டு அதற்குள் வையுங்கள். அவற்றின் நிறம் மாறியதும் உலர்த்திக்கொள்ளுங்கள். ஏசி அறையிலிருந்து கேமராவை நேராக வெளியே எடுத்துச் சென்றால் கண்ணாடியில் பனி படரும்; புறப்படுவதற்கு அரை மணி நேரம் முன்பே பையுடன் ஏசி இல்லாத அறையில் வைத்துவிடுங்கள். கடற்கரையிலிருந்து திரும்பினால், நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் வெளிப்புறத்தைத் துடைத்து உப்பை எடுத்த பிறகே உலர்ந்த துணியைப் பயன்படுத்துங்கள். கடற்கரையில் லென்ஸைக் கழற்றவே கழற்றாதீர்கள்.

பிறகு படங்களைத் திறந்து, தெளிவில்லாதவற்றை உடனே அழித்துவிடாமல், ஏன் தெளிவில்லை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள்: கை ஆடியதா, பறவை ஆடியதா, ஃபோகஸ் கோரையில் நின்றதா, கானலா. கூடவே நாள், நேரம், காற்று வந்த திசை, நின்ற இடம், பறவை செய்தது ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். நான்கு வாரக் குறிப்புகளை ஒன்றாகப் படித்தால், எந்தப் பறவை எந்த நேரத்தில் எந்தக் கரையில் இறங்குகிறது என்பது தெரிய ஆரம்பிக்கும். அடுத்த சனிக்கிழமை எங்கே நிற்பது என்பதை அந்த நோட்டிலிருந்து முடிவு செய்துவிட்டு, பேட்டரியைச் சார்ஜில் போடுங்கள்.